வேறு வீட்டுக் கார்

போன மாதம் என்னுடைய பழைய ஸ்கூட்டியை விற்றேன். வாங்க வந்தவர் விவரமானவர். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் இருக்கைக்குக் கீழே இருந்த கிறீஸைத் துடைத்து, மெல்லிய தாளொன்றை அந்த இடத்தில் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தார். வண்டிச் சட்டத்தில் குத்தியிருந்த செசி நம்பர் தாளில் வெள்ளை வெள்ளையாக எழும்பி வந்தது. "சரி அக்கா, பதிவுப் புத்தகத்தோட ஒத்துப்போகுது" என்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ அங்கே நிற்கவே முடியவில்லை. தேத்தண்ணி கொண்டு வாறன் என்று உள்ளே போனவள், அடுப்பைப் பற்றவைக்காமல் பின்கதவால் வெளியே வந்து வளவைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

மண்ணெண்ணெய் மணம் எங்கள் ஊர்க்காரருக்குப் பெரும்பாலும் கரண்ட் இல்லாத வருடங்களைத்தான் ஞாபகப்படுத்தும். எனக்கு அது ஒரு கார்க் கொட்டிலின் மணம். பெரியகல்லாற்றில், வாவிப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், கிடுகால் வேய்ந்த கொட்டில். உள்ளே ஒரு கறுப்பு ஏ-40, அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் இருந்த இடத்தில் இருக்காத பிறவி. "உன்னக் காலில சில்லுப் பூட்டித்தான் பெத்திருக்கன்" என்று அம்மா சொல்லுவார். இப்படிப்பட்ட ஒருத்தி நாள் முழுக்கக் கதிரையில் இருந்து தட்டச்சுச் செய்யும் வேலைக்குப் போனால் எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு டவுனில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் அலுவலகம். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த புதிது. நான் ஒரு பக்கம் அடிப்பதற்குள் நாலு தரம் எழும்பி யன்னலுக்குப் போவேன். நொத்தாரிசு ஐயா பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "புள்ள, நீ தட்டச்சை விடு. வெளி அலுவலெல்லாம் நீ பாரு" என்றார். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. தட்டச்சு இயந்திரத்துக்கும்தான்.

அந்த நாட்களில் எங்கள் பகுதி முழுவதும் ஒளித்து வைத்த சாமான்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் புதைத்த தையல் மெஷின், வைக்கோலுக்குள் கிடந்த மோட்டார் சைக்கிள், கிணற்றுக்குள் இறக்கிய வெண்கலக் குத்துவிளக்கு. எடுத்தவுடன் பிரச்சினை தொடங்கும். இது உன்னுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? காணி இருக்கும், உறுதி இருக்காது. ஆள் இருப்பார், அடையாள அட்டை இருக்காது. உறுதி இருந்து ஆள் இல்லாத வீடுகளும் இருந்தன. அவற்றை ஐயா கையில் எடுத்துவிட்டு வெகுநேரம் வைத்திருப்பார்.

மெற்றில்டா அக்கா வந்த நாள் நல்ல வெயில். கூட அவருடைய மருமகன் றெஜி. கொத்தன் வேலை செய்பவர், அவசரக்காரர், கெட்டவர் அல்ல. அவர்தான் கதைத்தார். மாமனார் பவுல் வாடகைக்கு ஹயர் கார் ஓடியவர். தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் பகைத்துக்கொண்ட அந்தக் கெட்ட வருடத்தில் ஒருநாள் காலையில் ஹயர் ஒன்றுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாளில் கார் மட்டும் கிடைத்தது. அன்றிலிருந்து அது கொட்டிலில் நிற்கிறது. இப்போது பாசிக்குடாவில் தங்குவிடுதி நடத்தும் ஒருவர் வெள்ளைக்காரரை ஏற்றித் திரிய அதைக் கேட்கிறார். வீட்டுக் கூரை மழைக்குத் தாங்காது. கொட்டில் நிற்கிற இடத்தில்தான் புது வீடு கட்ட வேண்டும். கார் புத்தகம் இருக்கிறது, ஆனால் இத்தனை வருடம் வரி கட்டாததால் பெயர் மாற்ற முடியவில்லை.

மெற்றில்டா அக்கா கைலேஞ்சித் துணியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும். கதிரையின் நுனியில், யாராவது கூப்பிட்டால் உடனே எழும்பிப் போகிறவர் போல இருந்தார். என்னைப் போல ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

காரை மோட்டார் வாகனப் பரிசோதகர் நேரில் பார்த்து, இது புத்தகத்தில் உள்ள கார்தான் என்று எழுதித் தர வேண்டும். அந்த அலுவல் என் தலையில் விழுந்தது. பஸ் பிடித்துப் பெரியகல்லாற்றுக்குப் போனேன்.

பாழடைந்த தகரத்தைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். கொட்டிலுக்குள் கால் வைத்ததும் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்த மணம் வந்தது. டயர் மண்ணில் படாதபடி கார் தென்னங்குற்றிகளின் மேல் ஏற்றப்பட்டிருந்தது. கண்ணாடிகளைச் சுற்றியிருந்த ரப்பருக்குத் தேங்காயெண்ணெய் பூசியிருந்தது. துருப்பிடிக்கக்கூடிய மூட்டுகளிலெல்லாம் மண்ணெண்ணெய்த் துணி. மேலே பழைய சேலைகளைச் சேர்த்துத் தைத்த ஒரு போர்வை. பின்கதவொன்று சரியாக மூடாமல் சீலைக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தது. மெற்றில்டா அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைப்பாராம். கோழி ஏறினால் கோழிக்கு அன்று கல்லெறிதானாம். "பெத்த மகளக் கூட இப்படிப் பார்க்கல்ல" என்று றெஜி பகிடியாகச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அமைதியான மனிதர். சாக்கை விரித்துப் படுத்துக் காருக்குக் கீழே போனார். சுரண்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் கையிலிருந்த தாளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பவும் கீழே போனார். இரண்டாம் தரம் வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"அக்கா, கோவிக்காதீங்க. இது புத்தகத்தில உள்ள கார் இல்ல."

"நம்பர் பிளேட் சரியாத்தானே இரிக்கி?" என்றார் றெஜி.

"பிளேட்ட ஆரும் எழுதலாம் தம்பி. செசி நம்பர் வேற. என்ஜின் நம்பரும் வேற."

அப்போதுதான் கார் திரும்பி வந்த கதை முழுதாகத் தெரிந்தது. பவுல் காணாமல் போன பிறகு, பறிபோன வாகனங்கள் ஒரு மைதானத்தில் குவிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு, அவருடைய தம்பி போயிருக்கிறார். நம்பர் பிளேட் எதிலும் இல்லை. கறுப்பு ஏ-40 ஒன்று நின்றது. அண்ணனுடைய கார்தான் என்று கட்டியிழுத்து வந்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்துப் புது பிளேட் எழுதினார்கள். அந்தக் காலத்தில் ஹயர் கார் என்றால் முக்கால்வாசி கறுப்பு ஏ-40தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கட்டியிழுத்து வந்த தம்பியும் பிறகு செத்துப்போனார்.

"அப்ப இது ஆர்ர கார்?" என்று றெஜி கேட்டார். பரிசோதகர் என்னைப் பார்த்தார். நான் மெற்றில்டா அக்காவைப் பார்த்தேன். அவர் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து, பரிசோதகர் சுரண்டிய இடத்தைத் துடைக்கக் குனிந்துகொண்டிருந்தார். முகத்தில் எந்த அதிர்ச்சியும் இல்லை. அது எனக்கு விளங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் இருக்கை இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

றெஜி சும்மா இருக்கவில்லை. வாங்க இருந்தவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார். பழைய நம்பரை அராவித் தள்ளிவிட்டு, புத்தகத்தில் உள்ள நம்பரைக் குத்தித் தர ஆட்கள் இருக்கிறார்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்று றெஜி ஐயாவிடம் வந்து சொன்னார். ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அதுக்கு என்ட ஒப்பம் வராது தம்பி." றெஜி கோபத்தோடு எழும்பிப் போனார். "நீ ஒருக்காப் போய்ப் பாரு புள்ள" என்றார் ஐயா. நான் ஏற்கனவே செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் நான் போய்ச் சேர்ந்தபோது நம்பர் வெட்டுகிறவர் வந்திருந்தார். வயர் இழுத்து அராவும் மெஷினைப் பூட்டிக்கொண்டு கொட்டில் வாசலில் நின்றார். மெற்றில்டா அக்கா காருக்குள் ஏறி, சாரதி இருக்கையில், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். றெஜி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இறங்குங்க மாமி. அரை மணித்தியால வேலை."

"இறங்கமாட்டன்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க? மழை வரப்போகுது. எங்க படுக்கிற?"

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். "அந்த நம்பர வெட்டினா, அவங்க தேடி வந்தா என்னத்தக் கொண்டு கண்டுபுடிப்பாங்க?"

மெஷின்காரர் மறுபேச்சில்லாமல் வயரைச் சுற்றத் தொடங்கினார். றெஜி வளவுக்குள் இறங்கிப் போய், அடுக்கிக் கிடந்த சீமெந்துக் கல்லொன்றில் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மேலும் எனக்குப் பாவமாக இருந்தது. பழுதான கூரைக்குக் கீழே இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த மனிதர்.

"நீ ஏறு புள்ள" என்றார் அக்கா. நான் பக்கத்து இருக்கையில் ஏறினேன். வெயிலில் சூடான றெக்சின் முதுகைச் சுட்டது.

"எனக்கு வந்த அண்டைக்கே தெரியும்" என்றார்.

பவுல் காரின் முன்பலகையில் அந்தோனியார் பதக்கமொன்றை ஆணியால் பொருத்தியிருந்தாராம். பதக்கத்தைக் களவெடுத்திருக்கலாம். ஆணி ஓட்டையை யாரும் களவெடுக்க முடியாது. வந்த காரில் ஓட்டை இல்லை. அதைக் கவனிக்க முன் கண்ணில் பட்டது, முன் இருக்கைக்குக் கீழே கிடந்த ஒரு சோடிப் பெண் செருப்பு. "பொய் சொல்லுவானேன், அதக் கண்டுட்டு அந்த மனிசன ஒரு நாள் முழுக்க ஏசினன். காணாமப் போன மனிசன." லேசாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். மறுநாள் வெயில் மறைப்பை இறக்கியபோது அதன் பின்னால் அரபு எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. விளங்கிவிட்டது. யாரோ ஒரு முஸ்லிம் வீட்டுக் கார்.

"ஏன் அக்கா சொல்லல்ல?"

"ஆருக்கிட்ட? அந்த நேரம் இஞ்சயிருந்து ஏறாவூருக்கு ஆர் போற? அங்கயிருந்து இஞ்ச ஆர் வாற?" கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "மறுகா நான் ஒண்டு நினைச்சன். அவரிட காரும் இப்படி எங்கயோ ஒரு வீட்டில நிக்கும். நான் இத நல்லாப் பார்த்தா, அங்க அவங்க அத நல்லாப் பார்ப்பாங்க. ஒரு நாளைக்குக் கார மாத்திக் கேட்டு வருவாங்க. வந்தா அவரப் பத்தியும் ஏதும் சொல்லுவாங்க."

சனிக்கிழமைகளும் தேங்காயெண்ணெயும் சேலைப் போர்வையும் எதற்காக என்று அப்போது விளங்கியது. எனக்குக் காருக்குள் இருக்க முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். வெளியே நின்றபடி, "நான் போய்ப் பார்க்கிறன் அக்கா" என்றேன். யாரும் கேட்காமல் நான் ஏற்ற முதல் அலுவல் அதுதான்.

ஏறாவூர் முஸ்லிம் ஊர், மட்டக்களப்பு டவுனுக்கு வடக்கே பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரம். இருபது வயது கடந்தும் அதுவரை நான் அங்கே இறங்கியதில்லை. பொலன்னறுவைக்கும் கொழும்புக்கும் போகும்போது யன்னலால் பார்த்ததோடு சரி. எங்கள் வீட்டில் அந்த ஊரின் பெயர் வந்தால் கதை நின்றுவிடும். அவர்கள் வீடுகளிலும் எங்கள் ஊர்ப் பெயர்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையை விரித்தேன்.

ஒரு தேத்தண்ணிக் கடையில் கேட்டேன். "அந்தக் காலத்தில கறுப்பு ஏ-40 வைச்சிருந்து பறிகொடுத்தவங்க ஆரும் இருக்காங்களா?" முதலாளி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி குடிங்க மகள்" என்றார். குடித்து முடித்த பிறகுதான், துணிக்கடை வைத்திருந்த ஆதம்லெப்பை காக்காவின் வீட்டுக்கு வழி சொன்னார். அங்கே காக்கா என்றால் அண்ணன்.

ஆதம்லெப்பை காக்கா மெலிந்த, உயர்ந்த மனிதர். சாய்மனைக் கதிரையில் இருந்து நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பின்கதவு மூடுதா?"

"இல்ல. சீலையால கட்டியிருக்கு."

அவர் எழும்பி நின்றுவிட்டார். நின்றபடியே, "அது தூக்கி மூடோணும்" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவருடைய மனைவி சவுதா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்தார். அந்த நாளில் காய்ச்சல் முற்றிய மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் துவக்கோடு நின்றவர்கள் வழிமறித்து, இரண்டு பேரையும் இறக்கிவிட்டுக் காரைக் கொண்டுபோனார்கள். கொதிக்கும் தார் ரோட்டில் நடந்து திரும்பியிருக்கிறார்கள். சவுதா உம்மா என்னிடம் கேட்டது காரைப் பற்றியல்ல.

"அதுக்குள்ள என்ட செருப்பு கிடந்த மகள். கழட்டி வைச்சிட்டுப் படுத்திருந்த நான். வெறுங்காலோடதான் நடந்த."

"இருக்கு" என்றேன்.

காக்காவிடம் கார் புத்தகம் பத்திரமாக இருந்தது. நம்பர்கள் பொருந்தின. ஐயா செய்ய வேண்டிய எழுத்து வேலைகளைச் செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கணவனும் மனைவியும் ஒரு வானில் பெரியகல்லாற்றுக்கு வந்தார்கள். நானும் கூடப் போனேன். ஒழுங்கை முழுக்கச் சனம். றெஜி புதுச் சட்டை போட்டு நின்றார்.

மெற்றில்டா அக்கா காரின் போர்வையைத் தானே இழுத்தார். காக்கா காரைச் சுற்றி வந்தார். பின்கதவின் சீலையை அவிழ்த்து, கதவை ஒரு கையால் சற்றுத் தூக்கி அழுத்தினார். மூடிக்கொண்டது. அக்கா சவுதா உம்மாவின் கையில் ஒரு பையைக் கொடுத்தார். செருப்பின் ரப்பர் உக்கி, எடுத்தவுடன் வார் கையோடு வந்துவிட்டது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சவுதா உம்மா அக்காவுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். யார் யாரைத் தேற்றினார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தேத்தண்ணி குடித்த பிறகு அக்கா கேட்டார். இத்தனை வருடமும் வைத்திருந்த கேள்வி. "காக்கா, உங்கள இறக்கின இடத்தில வேற ஒரு கறுப்புக் கார் நிண்டதா? கொஞ்சம் கட்டையா, மீசை வைச்ச ஒரு ஆள்?"

காக்கா தலையைக் குனிந்தார். ஓம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று நான் மனதுக்குள் ஏங்கினேன்.

"பொய் சொல்ல ஏலா தங்கச்சி. அங்க வேற கார் நிக்கல்ல. எங்கட ஒண்டுதான். நான் ஆரையும் காணல்ல."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "உண்மையச் சொன்னீங்களே, அது போதும்" என்றார். ஆனால் கைலேஞ்சி திரும்பவும் விரலில் சுற்றத் தொடங்கியது.

ஒரு அலுவல் மிச்சமிருந்தது. பவுலின் பெயரில் உள்ள கார் புத்தகத்துக்குக் கார் இல்லை. அந்த வாகனம் இப்போது இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பதிவை மூடிவிடலாம், பழைய வரியும் தொடராது. ஐயா அதை விளக்கித் தாளையும் பேனாவையும் நீட்டினார். மெற்றில்டா அக்கா இரண்டையும் தொடவில்லை.

"கார் இல்லாமப் போச்சி எண்டு எனக்குத் தெரியாதே ஐயா. தெரியாதத எப்படி எழுதித் தாற?"

பவுலுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்தபோதும் இதையேதான் சொன்னாராம். ஐயா பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பதிவு இன்றைக்கும் மூடப்படாமல்தான் இருக்கும்.

கார் லொறியில் ஏறி ஏறாவூருக்குப் போனது. கொட்டில் இருந்த இடத்தில் மழைக்கு முன் அத்திவாரம் வெட்டிவிட்டார் றெஜி. பாசிக்குடாக்காரர் ஆதம்லெப்பை காக்காவையும் போய்க் கேட்டிருக்கிறார். அவர் கொடுக்கவில்லை. பல மாதம் கழித்து, பின்னேரமொன்றில், காக்கா காரை ஓட்டிக்கொண்டு நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "ஏறுங்க மகள், தங்கச்சியப் பார்த்திட்டு வருவம்."

கல்லடிப் பாலத்தைக் கடந்து, பெரியகல்லாற்றுக்குப் போய், மெற்றில்டா அக்காவை ஏற்றிக்கொண்டோம். அவர் முன்னால் ஏற மாட்டேன் என்று பின்னால் என்னோடு இருந்தார். இத்தனை வருடம் துடைத்த கார் தன்னைச் சுமந்து ஓடுவது அவருக்கு அதுதான் முதல் தரம். கதவுப் பிடியை விடவேயில்லை. காக்கா காரை டவுன் பக்கமாகக் கிறுக்கித் திருப்பினார்.

களுவாஞ்சிகுடி தாண்டியிருப்போம். அந்த என்ஜினின் இரைச்சல் இப்போதைய வாகனங்களைப் போலல்ல. அடித்தொண்டையால் இருமிக்கொண்டு போவது போன்ற ஒன்று. தூரத்திலேயே கேட்கும். வீதியோரத்து வீடொன்றிலிருந்து ஒரு பெண் கடப்படி வாசலுக்கு ஓடி வந்தார். கழுவாத சோற்றுக்கை. எங்கள் முகங்களை அவர் பார்க்கவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்சத் தூரத்தில் இன்னொருவர். ஆரையம்பதிக்குக் கிட்ட, நெஞ்சில் கை வைத்தபடி ஒரு கிழவி. எல்லாரும் அக்காவின் வயதோ அதற்கு மேலோதான். எல்லாரும் பிளேட்டைத்தான் பார்த்தார்கள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, வேகமாகப் போய்விட மாட்டாரா என்று காக்காவின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா முன்னால் சாய்ந்து அவருடைய தோளுக்குக் கிட்டச் சொன்னார்.

"மெல்லப் போங்க காக்கா. அவங்க வாசிக்கட்டும்."

மீதி வழியெல்லாம் அந்தக் கார் ஆள் நடக்கும் வேகத்தில்தான் போனது. பின்னால் வந்த பஸ்கள் ஹோர்ன் அடித்து ஏசிக்கொண்டு கடந்தன.

இப்போது அந்த ரோட்டில் மெல்லப் போக முடியாது. அகலமாக்கி வழுவழுப்பான காப்பெற் தார் போட்டுவிட்டார்கள். ஐயாவின் அலுவலகம் இருந்த இடத்தில் கைபேசிக் கடை. ஆதம்லெப்பை காக்கா மவுத்தான பிறகு பிள்ளைகள் காரைக் கொழும்பில் பழைய கார் சேர்க்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மெற்றில்டா அக்கா றெஜியின் புது வீட்டில் இரண்டு மாரி பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். சவுதா உம்மா சாவீட்டுக்கு வந்து, வெளிவிறாந்தையில் கடைசி வரை இருந்துவிட்டுப் போனார்.

இந்த வருடம் ஆவணியில் ஒரு கலியாணத்துக்காகக் களுவாஞ்சிகுடிக்குப் போயிருந்தேன். பெண் மாப்பிள்ளையை ஏற்ற, பூ ஒட்டி, ஒரு பழைய கறுப்புக் கார் வாடகைக்கு வந்திருந்தது. புறப்பட்டபோது அதே இருமல் சத்தம் தெரு முழுக்க நிறைந்தது. சின்னவர்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நான் காரைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் இருந்த வீடுகளின் கடப்படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார் சந்தியில் கிறுகி மறையும் வரைக்கும் நின்றேன்.

ஒருவரும் வெளியே வரவில்லை.